ஏற்காட்டில் கர்ப்பிணிகளுக்கான ஓய்வுத் திட்டம்: அறைக்கு நல்ல மதிப்பெண், ஒயின் கோப்பைக்குப் பூஜ்யம்

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு மூன்று. கர்ப்பிணிப் பெண்ணையும் அவள் கணவரையும் வார இறுதியில் ஏற்காட்டில் தங்கவைத்து, வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டு, காலையில் யோகா சொல்லிக்கொடுத்து அனுப்பிவைக்கும் திட்டம் அது. அறை, குளியலறை, சமையல், பணியாட்கள் என்று மட்டும் பார்த்தால் நாலரை கொடுத்திருப்பேன். மீதியைக் குறைத்தது தலையணைமேல் வைத்திருந்த ஒரு துண்டுப் பிரசுரமும், இரவு உணவு மேசைக்கு வந்த ஒரு கண்ணாடிக் கோப்பையும். முன்னது சொன்னதைப் பின்னது பொய்யாக்கிக்கொண்டிருந்தது.

விடுதியின் பெயரை எழுதவில்லை. அங்கே அடுப்படியிலும் அறைகளிலும் ஓடியாடி வேலை செய்கிற பெண்கள் அக்கம்பக்கத்து மலைக்கிராமத்துக்காரர்கள். முதலாளியின் அசட்டுத்தனத்துக்கு அவர்கள் பிழைப்பில் ஏன் மண் விழவேண்டும்? மேலும், இதே மாதிரித் திட்டங்கள் இப்போது ஊட்டி, கொடைக்கானல் எல்லா இடத்திலும் முளைத்துவிட்டன. நான் சொல்லப்போவது எல்லோருக்கும் பொருந்தும்.

போனவர்கள் மகள், மாப்பிள்ளை, நான். மகளுக்கு ஆறாம் மாதம். சேலத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறாள். நான் பிரசவ வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். இருவருக்கான திட்டத்தில் மாமியாரும் தொற்றிக்கொண்டு வந்து இறங்கியதைப் பார்த்து வரவேற்பறைப் பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். கூடுதல் கட்டிலுக்குத் தனிக் கட்டணம் வாங்கினார்கள். அதில் எனக்குச் சண்டை இல்லை.

நல்லதை முதலில் சொல்கிறேன். அடிவாரத்திலிருந்து மேலே போக 20 கொண்டை ஊசி வளைவுகள். வயிற்றில் பிள்ளை இல்லாதவர்களுக்கே குமட்டும் பாதை. விடுதியே அனுப்பிய காரில் ஓட்டுநர் ஒரு வளைவிலும் அவசரப்படவில்லை. பாதி வழியில் நாங்கள் கேட்காமலே ஓரங்கட்டி நிறுத்தி, நறுக்கிய எலுமிச்சம்பழத்தையும் உப்பையும் எடுத்து நீட்டினார். இப்படிப்பட்ட ஓட்டுநருக்கு எவ்வளவு சம்பளம் கொடுத்தாலும் தகும். டிசம்பர் மாதம், சேலத்துக் கோரிமேட்டில் வியர்த்த உடம்பு மேலே போனதும் சால்வை கேட்டது. தோட்டத்தில் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்தார்கள். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி கழுத்துவரை ஏறியிருந்தது.

அறைக்குள் போனதும் நான் கட்டிலைப் பார்க்கவில்லை, குளியலறையைத்தான் பார்த்தேன். வயிற்றுக்காரி விழுகிற இடம் அதுதான். வழுக்காத தரை, சுவரில் கைப்பிடி, உட்காருவதற்கு ஒரு முக்காலி, இரவு முழுக்க எரியும் சிறு விளக்கு. யோசித்துச் செய்திருக்கிறார்கள். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க நீளத் தலையணை. ஏதாவது ஆனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். இரவிலும் வண்டியும் ஓட்டுநரும் வாசலில் உண்டு, ஏற்காடு அரசு மருத்துவமனைக்கு இத்தனை நிமிடம், கீழே சேலத்துக்கு இவ்வளவு நேரம் என்று வரவேற்பறைச் சுவரிலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள். பெரிய பெரிய விடுதிகளில்கூட இதைப் பார்த்ததில்லை. வெந்நீர் மட்டும் காலை ஏழு மணிக்குமேல் வெதுவெதுப்பாகிவிடுகிறது. சீக்கிரம் குளித்துவிடுங்கள்.

சாப்பாட்டைக் குறை சொல்ல முடியாது. சந்தகையும் தேங்காய்ப் பாலும், கொள்ளு ரசம், அந்தத் தோட்டத்து மிளகிலேயே செய்த மிளகுக் குழம்பு, மதியம் கம்பஞ்சோறும் மோரும். மகள் மசக்கைக்குப் பிறகு இவ்வளவு சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. பழத்தட்டில் பப்பாளி இல்லை. கேட்டதற்கு, பரிமாறுகிற பெண் அதிர்ந்துபோய், "அக்கா, இங்கே கர்ப்பிணிகள் தங்குகிறார்கள், பப்பாளியைச் சமையற்கட்டுக்குள்ளேயே விடமாட்டோம்" என்றாள். பழுத்த பப்பாளியை அளவாகச் சாப்பிட்டுக் கரு கலைந்ததாக நான் கண்டதில்லை. பால் வடிகிற காயைத்தான் தவிர்க்கச் சொல்வோம். இருந்தாலும் அந்த ஜாக்கிரதை எனக்குப் பிடித்தது. பப்பாளியை மறக்காதீர்கள், திரும்ப வரும்.

இப்போது பிரசுரத்துக்கு வருகிறேன். பளபளவென்ற தாள், தாமரைப் படம். "எபிஜெனடிக்ஸ் என்னும் நவீன அறிவியலின்படி, தாய் கேட்கும் இசையும் நினைக்கும் நினைப்பும் குழந்தையின் மரபணுவை மாற்றி எழுதுகின்றன" என்று ஆரம்பித்து, கீழே விலைப்பட்டியலில் போய் முடிந்தது. வீணை இசை அமர்வு இவ்வளவு, தாமரை எண்ணெய் இவ்வளவு, நெய் இவ்வளவு. மகள் அதைச் சத்தமாகப் படித்துக்காட்டி, "எந்த மரபணு எந்த ராகத்துக்கு அசைந்தது என்று அளந்தவர் யார் என்று கேட்டுச் சொல்லுங்கள் அம்மா" என்றாள். வீணை கேட்டால் மனம் அடங்கும், தூக்கம் வரும். அது போதாதா? அதற்கு ஏன் மரபணுவைச் சாட்சிக்கு இழுக்கவேண்டும்?

இரவு உணவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிய மேசை. இரண்டு கோப்பைகளில் கருஞ்சிவப்பாக ஏதோ. நன்னாரி சர்பத் என்று நினைத்து மகள் கையில் எடுத்தாள். மூக்குக்கு அருகே கொண்டுபோனதும் கீழே வைத்துவிட்டாள். ஒயின். "எங்கள் தோட்டத்து வீட்டில் போட்டது, வாழ்த்துப் பரிசு" என்றார் மேலாளர், பெருமையாகத்தான். கர்ப்பிணி என்றேன். "இது ரத்தம் ஊறுவதற்கு நல்லது அம்மா. வீட்டில் செய்தது, ஆல்கஹால் எல்லாம் இருக்காது. வெறும் திராட்சைச் சாறுதான்" என்றார்.

பப்பாளிக்குக் கதவைச் சாத்திய சமையற்கட்டிலிருந்து ஒயின் வருகிறது!

வீட்டு ஒயின் எப்படிச் செய்கிறார்கள் என்று மலையில் எல்லோருக்கும் தெரியும். திராட்சையை மசித்து, சர்க்கரையும் ஈஸ்டும் கொஞ்சம் கோதுமையும் பட்டை கிராம்பும் போட்டு, ஜாடி வாயைத் துணியால் கட்டி, புளிக்கவிடுவார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று வெளியே விடுவது ஆல்கஹாலைத்தான். ஆலையிலும் அதே வேலை, வீட்டிலும் அதே வேலை. நன்றாகப் புளித்தால் 10, 12 சதவீதம் வரை போகும். 150 மில்லி கோப்பையில் 12 சதவீதம் என்றால் 18 மில்லி சுத்த ஆல்கஹால். 42.8 சதவீதம் உள்ள பிராந்தியில் 30 மில்லி ஊற்றினால் கிடைப்பது 13 மில்லிக்கும் குறைவு. அதாவது மேசையில் வைத்த அந்த "சாறு" ஒரு சின்ன பெக்கைவிடக் கனமானது. பிராந்தியை வைத்திருந்தால் மேலாளரே பதறியிருப்பார்.

மேலாளர் விடவில்லை. வெளிநாட்டில் டாக்டர்களே ஒரு கோப்பை குடிக்கச் சொல்கிறார்களே என்றார். ஒருகாலத்தில் சொன்னார்கள். அது மட்டுமல்ல, 1960களிலும் 70களிலும் குறைமாத வலியை நிறுத்த ஆல்கஹாலையே நரம்பு வழியாக ஏற்றியிருக்கிறார்கள் மருத்துவர்கள். பிரான்சில் நான்ட் நகரத்தில் லெமுவான் என்ற மருத்துவர் குடிகாரப் பெற்றோரின் 127 குழந்தைகளைக் கவனித்து எழுதியது 1968இல். கருவிலேயே ஆல்கஹால் பட்டதால் வரும் அந்தக் குறைபாட்டுக்கு அமெரிக்காவில் சியாட்டிலில் ஜோன்ஸும் ஸ்மித்தும் "ஃபீட்டல் ஆல்கஹால் சிண்ட்ரோம்" என்று பெயர் கொடுத்தது 1973இல். கண் பிளவு குறுகி, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே இருக்கும் பள்ளம் மழுங்கி, மேலுதடு மெலிந்து, வளர்ச்சி குன்றி, படிப்பிலும் நடத்தையிலும் வாழ்நாள் முழுக்கச் சிரமப்படும் குழந்தைகள். முகத்தில் ஒன்றும் தெரியாமல் மூளையில் மட்டும் பாதிப்பு உள்ளவர்கள் அதைவிட அதிகம். கர்ப்பத்தில் குடித்த தாய்மாரில் 13 பேருக்கு ஒருவர் வீதம் இந்தப் பாதிப்புகளில் ஏதோ ஒன்றுள்ள குழந்தையைப் பெறுகிறார்கள் என்று 2017இல் ஒரு மதிப்பீடு வந்தது. கர்ப்பத்தில் இவ்வளவு குடித்தால் பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. மேலாளரிடம் இதில் பாதியைத்தான் சொன்னேன், பாவம், பரிமாறும் நேரம்.

மீதியை வராந்தாவில் உட்கார்ந்து மகள் சொன்னாள், நான் கேட்டேன். நடுநடுவே என் வார்டுக் கதையையும் சேர்த்துக்கொண்டேன். பிரசுரத்தில் இருந்த அந்த எபிஜெனடிக்ஸ் உண்மையாகவே பேசவேண்டிய இடம் நஞ்சுக்கொடி என்றாள்.

நஞ்சுக்கொடியை என்னைப்போல் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அதன்மேல் ஒரு மரியாதை உண்டு. குழந்தை வெளியே வந்தபின் எல்லோர் கண்ணும் குழந்தைமேல்தான். நாங்கள் மட்டும் தட்டை எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்குப் போவோம். தண்ணீரில் அலசி, தாய்ப் பக்கத்தை மேலே திருப்பி, மடல் மடலாக விரலால் ஒதுக்கி, ஏதாவது பிய்ந்து உள்ளே தங்கிவிட்டதா என்று பார்ப்போம். 15, 20 மடல்கள் இருக்கும். ஒரு துண்டு உள்ளே தங்கினாலும் ரத்தப்போக்கு நிற்காது. திருப்பிப் பிடித்தால் குழந்தைப் பக்கம் வழவழவென்று நீலம் பாரித்த சாம்பல் நிறம், தொப்புள்கொடி நடும் இடத்திலிருந்து ரத்தக் குழாய்கள் நாலா பக்கமும் ஓடும். வெட்டிய கொடியில் இரண்டு தமனி, ஒரு சிரை இருக்கிறதா என்று எண்ணுவோம். ஏறத்தாழ அரைக் கிலோ எடை. பதிவேட்டில் எழுதிவிட்டு மஞ்சள் பையில் போட்டுவிடுவோம். அவ்வளவுதான் அதன் கதை என்று அப்போது நினைத்திருந்தேன்.

அந்த மஞ்சள் பைக்குப் போவதைத்தான் ஆராய்ச்சிக்காரர்கள் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். காரணம் எளிது. பிறந்த குழந்தையின் மூளையிலிருந்து ஒரு துண்டு எடுத்துப் பார்க்க முடியாது. நஞ்சுக்கொடியின் பெரும்பகுதியோ குழந்தை உருவான அதே கருவுற்ற முட்டையிலிருந்து பிரிந்த செல்களால் ஆனது. கரு ஒரு சிறு உருண்டையாக இருக்கும்போதே வெளிச்சுற்றுச் செல்கள் நஞ்சுக்கொடியாகவும் உள்ளே இருப்பவை குழந்தையாகவும் பாதை பிரிகின்றன. அம்மாவின் உடம்பில் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது பிள்ளையின் உறுப்பு, அப்பாவின் மரபணுவும் சேர்ந்தது. ஒன்பது மாதம் அம்மா சாப்பிட்டதும் குடித்ததும் அதன் வழியாகத்தான் போயிருக்கின்றன.

ஆல்கஹாலை அது வடிகட்டுவதில்லை. மிகச் சிறிய மூலக்கூறு என்பதால் சல்லென்று கடந்துவிடும். கொஞ்ச நேரத்தில் குழந்தையின் ரத்தத்திலும் ஏறத்தாழ அம்மாவின் ரத்தத்தில் இருக்கும் அளவுக்கு ஏறிவிடும். குழந்தையின் கல்லீரலுக்கு அதை உடைக்கும் திறன் மிகக் குறைவு. வெளியேறியது பனிக்குடநீரில் தங்கும், குழந்தை அதையே மறுபடி விழுங்கும்.

மரபணு மாறுவது என்று பிரசுரத்தில் எழுதியிருந்தது அபத்தம். எழுத்து மாறுவதில்லை. உடம்பின் எல்லாச் செல்களிலும் டிஎன்ஏ ஏறத்தாழ ஒன்றே. எந்த மரபணு எங்கே எப்போது வேலை செய்யவேண்டும், எது சும்மா இருக்கவேண்டும் என்பதை அதன்மேல் உட்காரும் வேதிக் குறிகள் தீர்மானிக்கின்றன. இந்தக் குறிகளைப் பற்றிய படிப்புதான் எபிஜெனடிக்ஸ். வார்டில் கேஸ் ஷீட்டில் மருந்தின் பெயரை அடிக்காமலே பக்கத்தில் "நிறுத்திவைக்கவும்" என்று டாக்டர் ஒரு வரி குறித்துவிட்டுப் போவாரே, அதுபோல. பெயர் அப்படியே இருக்கும், மருந்து போகாது. அந்தக் குறிகளில் அதிகம் ஆராயப்பட்டது மெத்தில் குறி: ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த துணுக்கு, டிஎன்ஏவின் சைட்டோசின் என்ற எழுத்தின்மேல் ஒட்டிக்கொள்ளும்.

கரு உண்டானவுடன் முட்டையிலும் விந்திலும் இருந்த பழைய குறிகளில் பெரும்பகுதி அழிக்கப்பட்டு, கருப்பையில் ஒட்டும் நாட்களை ஒட்டிப் புதிதாக எழுதப்படுகிறது. அதாவது மாதவிலக்கு தள்ளிப்போகிறது என்று பெண்ணுக்குத் தெரியவருவதற்கு முன்பே. குறி எழுத வேண்டிய மெத்திலை உடம்பு ஃபோலிக் அமிலம், பி12, கோலின் போன்றவற்றின் உதவியோடு தயாரிக்கிறது. கீரை, பருப்பு, முட்டை, பால் எல்லாம் இதற்குத்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்பு மாத்திரையில் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் சேர்த்திருப்பார்கள். தொடர்ந்து மது குடிப்பது குடல் ஃபோலேட்டை உறிஞ்சுவதைக் கெடுக்கிறது. ஆல்கஹால் உடைந்து வரும் அசிட்டால்டிஹைடு, மெத்தில் தயாரிக்கும் சங்கிலியில் ஒரு நொதியை முடக்குகிறது. நாங்கள் மாத்திரையைக் கையில் கொடுத்து விழுங்கும்வரை நின்று பார்த்ததெல்லாம் ரத்தசோகைக்காகவும் முதுகெலும்புக் குறைபாட்டுக்காகவும் என்றுதான் இருந்தோம். இந்த வேலையும் அதற்கு உண்டு.

இதை எலியில் முதலில் பார்த்தார்கள். அகூட்டி என்று ஒரு வகைச் சுண்டெலியில் ஒரே ஒரு மரபணுவின்மேல் இருக்கும் மெத்தில் குறியைப் பொறுத்து உடல் நிறம் மஞ்சளிலிருந்து பழுப்புவரை மாறும். குறியைக் கண்ணாலேயே படித்துவிடலாம். 2010இல் நினா காமினன்-அஹோலாவும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பத்தின் ஆரம்பத்தில் ஆல்கஹால் குடித்த தாய் எலிகளுக்குப் பழுப்புக் குட்டிகள் கூடுதலாகப் பிறந்தன. அதற்கு ஓராண்டு முன்பு தென்னாப்பிரிக்காவில் ஹேகாக், ராம்சே இருவரும் பார்த்தது எனக்கு இன்னும் சுவாரசியமாகப் பட்டது. கரு கருப்பையில் ஒட்டுவதற்கு முன்பே ஆல்கஹால் பட்ட எலிகளில், வளர்ச்சியோடு தொடர்புடைய எச்19 என்ற பகுதியின் மெத்தில் குறி நஞ்சுக்கொடியில் குறைந்திருந்தது. கருவிலிருந்த குட்டிகளின் உடலில் அப்படி மாறவில்லை. பிள்ளையைப் பார்த்தால் தெரியாதது நஞ்சுக்கொடியில் எழுதியிருந்திருக்கிறது. தட்டில் வைத்து அலசிய அத்தனையையும் நினைத்துக்கொண்டேன்.

மனிதர்களில்? ஹெல்சிங்கியில் அதே காமினன்-அஹோலா குழு, குடித்த தாய்மாரின் நஞ்சுக்கொடிகளைச் சேகரித்து மெத்தில் குறிகளை ஒப்பிட்டு வருகிறது. கர்ப்பத்தின் ஆரம்ப வாரங்களில் மட்டும் குடித்து நிறுத்தியவர்களும் அதில் உண்டு. வேறுபாடுகள் தென்படுகின்றன. ஆனால் இந்த இடத்தில் மகள் கையை உயர்த்தி நிறுத்தினாள், அவள் வகுப்பில் நிறுத்துவதுபோல. இப்படிப்பட்ட மனித ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. பல இடங்களில் வேறுபாடு சில சதவீதம்தான். குடிக்கிறவர்களில் புகைப்பவர்களும் சரியாகச் சாப்பிடாதவர்களும் கலந்திருப்பார்கள். குறி மாறியிருப்பதாலேயே குழந்தைக்குக் கேடு என்று ஆகிவிடாது. ஒரு தாயின் நஞ்சுக்கொடியைச் சோதித்துவிட்டு உன் பிள்ளை இப்படி இருப்பான் என்று சொல்கிற பரிசோதனை எதுவும் கிடையாது. யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தெரியாத நாட்களில் ஒரு விருந்தில் குடித்துவிட்டு, பிறகு கர்ப்பம் என்று தெரிந்து, இரவெல்லாம் அழுத பெண்களை வார்டில் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் ஆய்வுக் கட்டுரையைக் காட்டிப் பயமுறுத்துவது பாவம். இன்றோடு நிறுத்து, டாக்டரிடம் மறைக்காமல் சொல், மாத்திரையை ஒழுங்காகப் போடு. எந்த மாதத்தில் நிறுத்தினாலும் அந்த மாதத்திலிருந்து பிள்ளைக்கு லாபம். நிறுத்த முடியாத பழக்கமாகிவிட்டவர்கள் மட்டும் தாமாகச் சட்டென்று நிறுத்தாமல் மருத்துவரோடு பேசி நிறுத்தவேண்டும், வலிப்பு வர வாய்ப்புண்டு.

இவ்வளவும் நடந்துகொண்டிருக்கும்போது மாப்பிள்ளை, வீணாகப் போகிறதே என்று இரண்டு கோப்பையையும் தானே காலி செய்துவிட்டிருந்தார். மகள் திரும்பிப் பார்த்தாள். டெக்சாஸில் மைக்கேல் கோல்டிங் என்பவரின் ஆய்வுக்கூடம் ஆண் எலிகளுக்கு மட்டும் ஆல்கஹால் கொடுத்துப் பார்த்திருக்கிறது. தாய் எலி ஒரு துளி தொடவில்லை. ஆனாலும் நஞ்சுக்கொடியின் வளர்ச்சி மாறியது. 2023இல் வந்த ஆய்வில் குட்டிகளின் முக அமைப்பிலும் மாற்றம் கண்டார்கள். விந்து வழியாகப் போகும் எபிஜெனடிக் குறிகள்தான் காரணம் என்று அந்தக் குழு கருதுகிறது. எலிக்கு நிரூபித்தது மனிதனுக்கு அப்படியே ஆகிவிடாது என்பதையும் மகளே சொன்னாள். மாப்பிள்ளை அசரவில்லை. "அத்தை, பிள்ளை ஏற்கெனவே உண்டாகி ஆறு மாதம் ஆகிறது. இன்றைக்கு நான் குடித்தது எந்த விந்தின் வழியாகப் போய்ச் சேரும்?" என்றார். நியாயமான கேள்வி. அடுத்த பிள்ளைக்கு என்றாள் மகள். ஒன்று போதும் என்றார் அவர். நான் எழுந்து படுக்கப் போய்விட்டேன்.

ஆனால் அந்தப் பேச்சை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019–21 கணக்குப்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் நான்கில் ஒருவர் குடிக்கிறார். பெண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. நம் ஊரில் கர்ப்பமும் மதுவும் பற்றிப் பேச வேண்டுமென்றால் கணவன்மாரையும் உட்காரவைத்துத்தான் பேசவேண்டும். அந்த விடுதியில் கணவர்களுக்கு என்று அரைமணி நேர அமர்வு ஒன்று உண்டு. மனைவியின் கால் பிடித்துவிடச் சொல்லிக்கொடுத்தார்கள். நல்லதுதான். கூடவே இதையும் சேர்த்திருக்கலாம்.

பிரசவத்துக்குப் பிறகு பிராந்தி கொடுக்கும் வீடுகளையும் எனக்குத் தெரியும். உடம்பு காய வேண்டும் என்பார்கள், பச்சிளம் குழந்தைக்குச் சளிக்கென்று நாக்கில் தடவுவார்கள். எத்தனை கிழவிகளோடு வார்டு வாசலில் மல்லுக்கு நின்றிருக்கிறேன்! விடுதியின் விற்பனை அலமாரியில் அரிஷ்டப் புட்டிகளும் இருந்தன. அரிஷ்டமும் புளிக்கவைத்துச் செய்வதுதான், அதில் தானாக உண்டாகும் ஆல்கஹால் இருக்கும். லேபிளில் போட்டிருப்பார்கள், படித்துப் பாருங்கள். கர்ப்ப காலத்தில் சித்த, ஆயுர்வேத மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

மறுநாள் மாலைத் தேநீரோடு பிளம் கேக் வந்தது. உலர்ந்த பழங்களை வாரக்கணக்கில் ரம்மில் ஊறவைத்தது, சுட்டபின் மேலேயும் கொஞ்சம் ஊற்றியது. ஒரு துண்டில் இருப்பது சொற்பம்தான், அதற்காக நான் ஊரைக் கூட்டவில்லை. ஆனால் அடுப்பில் வைத்தால் எல்லாம் பறந்துவிடும் என்று சமையல்காரர் சொன்னது சரியல்ல. சுட்டபின்னும் ஒரு பங்கு தங்கும், சுட்டபின் ஊற்றியது அப்படியே இருக்கும். கர்ப்பிணிகளுக்கென்றே நடத்துகிற இடத்தில் ரம் சேர்த்த கேக் என்று ஒரு சீட்டு எழுதி வைக்க என்ன கஷ்டம்? மேலே ஊற்றாமல் இன்னொரு கேக் சுட என்ன கஷ்டம்? கேக் என்னவோ பிரமாதம். நான் மூன்று பேர் பங்கையும் சாப்பிட்டேன்.

யோகா ஆசிரியை கெட்டிக்காரி. மூச்சை அடக்கச் சொல்லவில்லை, மல்லாந்து படுக்கவைக்கவில்லை, ரத்த அழுத்தம் பார்த்த பிறகே ஆரம்பித்தார். பிரசுரத்தைப் பற்றிக் கேட்டதும் அது மேலிடத்து வேலை என்று சிரித்து நழுவிவிட்டார்.

கட்டணம் அதிகம்தான், ஆனால் அந்தக் குளியலறைக்கும் ஓட்டுநருக்கும் கொள்ளு ரசத்துக்கும் கொடுக்கலாம். ஏழாம் மாதத்துக்கு முன்பு, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, கூட்டம் இல்லாத நாட்களில் போங்கள். மே மாதக் கோடை விழாச் சமயத்தில் மலைப்பாதையில் வண்டி நகராது.

கணக்கு முடிக்கும்போது கருத்துப் புத்தகத்தில் இதையெல்லாம் சுருக்கி எழுதிவைத்தேன். மேலாளரிடமிருந்து போன வாரம் செய்தி வந்தது: வாழ்த்துப் பரிசாக ஒயினுக்குப் பதில் இனி நன்னாரி சர்பத்தாம், புதுப் பிரசுரம் அச்சடிக்கும்போது "மரபணு" வரியையும் பார்க்கிறார்களாம். கேக்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. முன்பதிவு செய்கிறவர்கள் அதைக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.